சிஎஃப்பி பட்டம் மட்டும் போதுமா?

வணக்கம். விசிட்டிங் கார்டில் சிஎஃப்பி (சான்று பெற்ற நிதித் திட்டமிடுநர்) என்று போட்டிருக்கும் ஒருவர், உங்கள் தந்தையாரின் பணிக்கொடையை எங்கெங்கே முதலீடு செய்வது என்று சொல்ல ஆண்டுக் கட்டணம் கேட்பதாகவும், அவரை நம்பலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிஎஃப்பி தேர்வு எளிதன்று. ஆனால் அது தகுதிச் சான்றுதானே தவிர, உரிமம் ஆகாது. 2013-இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த விதிகளின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பொதுவாகச் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே ஐஎன்ஏ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, செபியின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஆர்என் எனும் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் பதிவு எண்ணை மட்டும் நீட்டினால், அவர் ஃபண்டு விற்றுக் கமிஷன் பெறும் விநியோகஸ்தர் (அதில் இழுக்கு ஒன்றுமில்லை). 2020-இல் வந்த திருத்தம், தனிநபர் ஆலோசகர் ஒருவர் விநியோகமும் சேர்த்துச் செய்வதைத் தடுக்கிறது. அதனால் கட்டணமும் கமிஷனும் ஒருங்கே கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.