ப்ளெட்னேவ் பியானிஸ்ட்டா, ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டரா?

ரெண்டுமேதாங்க. மிகைல் ப்ளெட்னேவ் 1957ல ரஷ்யாவோட வடக்கு ஓரத்துல ஆர்க்காங்கெல்ஸ்க்ல பிறந்தாரு, 1978ல மாஸ்கோவுல நடக்குற சைக்கோவ்ஸ்கி சர்வதேச இசைப் போட்டியில பியானோல தங்கப்பதக்கம் வாங்கினாரு, அதோட உலகம் முழுக்க பேர் வந்துடுச்சு. ஆனா பெரிய விஷயம் 1990தான், சோவியத்ல ஆர்கெஸ்ட்ரான்னாலே அரசாங்க சம்பளம், அரசாங்க கட்டுப்பாடுன்னு இருந்த காலத்துல அரசு காசே இல்லாம ரஷ்யன் நேஷனல் ஆர்கெஸ்ட்ராவ ஆரம்பிச்சாரு, அப்போ சோவியத் தலைவரா இருந்த கோர்பசேவ் கூட இருந்த பழக்கமும் அதுக்கு உதவுச்சு, எவ்ளோ பெரிய தைரியம் பாருங்க!

ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரோகோஃபியேவோட சிண்ட்ரெல்லா பாலே இசைய ரெண்டு பியானோவுக்கு மாத்தி எழுதி அர்ஜென்டினா பியானிஸ்ட் மார்த்தா ஆர்கெரிச் கூட வாசிச்சாரு, 2005ல அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைச்சுது, கேட்கலன்னா இன்னைக்கே கேளுங்க. நடுவுல பல வருஷம் மேடையில பியானோ வாசிக்கிறதயே நிறுத்திட்டாரு, இப்போ வர்ற பியானோவோட சத்தம் அவருக்கு பிடிக்கல, அப்புறம் ஷிகெரு கவாய்ங்கிற ஜப்பான் கம்பெனி பியானோ மனசுக்கு ஒத்து வந்ததும் திரும்ப வாசிக்க வந்தாரு. 2022ல ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவ் பேர்ல இன்னொரு ஆர்கெஸ்ட்ராவும் ஆரம்பிச்சிருக்காரு.