செக்ரோல் இல்லாத இடம்

வணக்கம் ஐயா,

நானும் சுங்கை சிப்புட்தான். உங்களைச் சந்தையில் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். பேசத் துணிந்ததில்லை. தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்தவர்கள் நாங்கள். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எனக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.

மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் கோலாலம்பூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கச் சேர்த்தோம். படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன். பதிவுக் கட்டணத்துக்கு என் சங்கிலி அடகுக்குப் போனது. ஞாயிறு தவறாமல் போன் செய்வான். "சாப்பிட்டேன் அம்மா, படிக்கிறேன், பரீட்சை நன்றாகத்தான் இருந்தது" என்பான். போன மாதம் கல்லூரியிலிருந்து கட்டண பாக்கி என்று ஒரு கடிதம் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். பிறகுதான் விசாரித்தோம். அவன் வகுப்புக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிவிட்டதாம். மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறானாம்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். அவனுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது, அவன் சம்மதம் இல்லாமல் எதுவும் சொல்லமுடியாது என்றார்கள். விவரம் சொல்லமாட்டார்கள். ஆனால் பில் மட்டும் வீட்டுக்கு வருகிறது. அமெரிக்காவில் எல்லாம் பெற்றோருக்கு மதிப்பெண் அனுப்பிவிடுவார்களாம், என் தங்கை சொல்கிறாள். இங்கே மட்டும் ஏன் இப்படி?

இப்போது மகளுக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு முடிந்து சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. ஒருவன் ஏமாற்றியது போதும், இவளை அனுப்ப முடியாது என்கிறார் என் கணவர். கல்லூரிகள் மாதம் ஒருமுறை பெற்றோருக்குத் தகவல் தரவேண்டும் என்று நீங்கள் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். எழுதுவீர்களா?

ஒரு தாய்
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள சகோதரிக்கு,

"பில் மட்டும் வீட்டுக்கு வருகிறது" என்ற வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்தேன். நியாயமான கோபம். பணம் கேட்கும்போது பெற்றோர், விவரம் கேட்கும்போது வெளியாள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் போனில் பேசிய அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். நம் மலேசியாவில் பதினெட்டு வயதானவர் வளர்ந்த ஆள் என்பது 1971ஆம் ஆண்டின் சட்டம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்து 2013 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. தனியார் கல்லூரிகள் மாணவரைக் கேட்காமல் வாய் திறக்கத் தயங்குவது அதனால்தான். உங்கள் தங்கை அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அங்கே 1974இல் வந்த சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த அன்றே மதிப்பெண் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுகிறது. வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவன் என்று காட்டப்பட்ட பிள்ளையாக இருந்தால் கல்லூரி விரும்பினால் சொல்லலாம். சொல்லியே தீரவேண்டும் என்பதில்லை. ஆக, அங்கேயும் தாய்மார்கள் போனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

நீங்கள் கேட்டதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு என் கதை ஒன்றுதான் காரணம்.

1979இல் பினாங்கில் படிக்கப் போனேன். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து போன முதல் பையன். பட்டர்வர்த்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஃபெர்ரியில் ஏறியபோது திரும்பிப் பார்க்கவே இல்லை, அவ்வளவு உற்சாகம். முதல் ஆண்டு முடிவில் ஒரு பாடத்தில் தேறவில்லை. நீங்கள் இன்று கேட்கும் ஏற்பாடு அன்று எனக்கு இருந்தது. தேர்வு முடிவு அப்பாவின் பெயருக்கே வந்தது. தோட்டத்துக்கு வரும் தபாலெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். அப்பா மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. தோட்டத்து குமாஸ்தாவான கிராணிதான் பிரித்துப் படித்தார். அவர் படித்ததில் 'காகால்' என்ற ஒரு சொல் எல்லோருக்கும் புரிந்தது. தோல்வி. மறுநாள் விடியற்காலை பெரட்டில், ஆள் கணக்கு எடுத்து முடிப்பதற்குள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதல் பால்வாடிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பா தலையைக் குனிந்தபடி பால் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு மர நிரைக்குப் போனார் என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திருந்திப் படித்தேன், அது வேறு விஷயம். அதற்கும் முன்னால் செய்த முதல் காரியம், பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய் வீட்டு முகவரியை மாற்றியது. டவுனில் நண்பனுடைய அப்பாவின் மளிகைக்கடை முகவரியைக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு கடிதம்கூடத் தோட்டத்துக்குப் போகவில்லை. என்னைத் தாண்டிக்கொண்டு அப்பாவிடம் போன வழியை நான் அடைத்துவிட்டேன். உங்கள் மகனாக இருந்தால் கடை முகவரிகூட வேண்டாம். ஒரு கைப்பேசி எண்ணை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

கதையின் முக்கியமான இடம் இனிமேல்தான். 1982இல் பட்டமளிப்பு விழா. அப்பா யாரிடமோ கால்சட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அங்கியோடு நான் வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போய் மெதுவாகக் கேட்டார்: "அந்த ஒரு பாடம் போனதே, அதற்குப் பிறகும் கொடுக்கிறார்களா?"

தேறாத பாடத்தைத் திரும்ப எழுதலாம் என்று அவருக்குத் தெரியாது. ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். பட்டம் வராது என்று நம்பிக்கொண்டே இரண்டு வருடம் மாதம் தவறாமல் அறுபது வெள்ளி (ரிங்கிட்) அனுப்பியிருக்கிறார். ஏன் அனுப்பினார் என்று அன்றைக்குக் கேட்க எனக்கு நா எழவில்லை. பிறகு கேட்கவும் இல்லை.

அப்பாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது, சகோதரி. கிராணியே படித்துச் சொன்னார். கல்லூரி என்பது எப்படி நடக்கிறது என்பதுதான் அவருக்குப் போய்ச் சேரவில்லை. உங்களுக்கும் மாதம் ஒருமுறை ஒரு தாள் வந்தால் அதில் 1.87 என்று இருக்கும். அது நல்லதா கெட்டதா, மீளக்கூடியதா என்பதை மறுபடி மகனிடம்தானே கேட்பீர்கள்? அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு விளங்காத கணக்கு இல்லை இது. கல்லூரியில் நமக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டு உண்டு, செக்ரோல் என்ற பேர்ப்பதிவேடு உண்டு. செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. கல்லூரியிலும் வருகைப் பதிவு உண்டு. பெரும்பாலான இடங்களில் எண்பது விழுக்காட்டுக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பாடங்களை கிரெடிட் என்ற அளவால் நிறுக்கிறார்கள், நாம் ரப்பர் பாலைக் கிலோவில் நிறுத்ததைப் போல. ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய நாற்பது மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காருவது, அறையில் படிப்பது, பரீட்சை எழுதுவது எல்லாம் சேர்த்து. டிப்ளோமாவுக்குக் குறைந்தது தொண்ணூறு, பட்டப்படிப்புக்குக் குறைந்தது நூற்று இருபது. செமஸ்டருக்குப் பதினைந்து கிரெடிட் எடுத்த பிள்ளை வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரமாவது படிப்போடு இருக்கவேண்டும். அதாவது அது ஒரு முழுநேர வேலை. இரவெல்லாம் சாப்பாடு கொண்டுபோகிறவனால் அந்த வேலையும் செய்யமுடியாது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் பார்ப்பவர் நீங்கள்.

மதிப்பெண் சராசரி 4.00 வரை போகும். 2.00க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை, பி.டி.பி.டி.என். அடுத்த தவணையும் நின்றுபோகும். வகுப்பு பொதுவாகப் பதினான்கு வாரம். ஆறாவது ஏழாவது வாரத்தில் இடைத்தேர்வும் ஒப்படைப்புகளும் வந்து விழும். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். இவற்றில் எதுவுமே ரகசியம் இல்லை. கல்லூரியின் நாட்காட்டி, பாடப் பட்டியல், கட்டண விவரம் எல்லாம் யார் கேட்டாலும் கிடைக்கும். சம்மதக் கையெழுத்து தேவையில்லை.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆகப் பொருத்தமான ஆள் உங்கள் பிள்ளைதான். நாம் போனில் என்ன கேட்கிறோம்? சாப்பிட்டாயா, படிக்கிறாயா, பாஸா. மூன்றுக்கும் 'ம்' போதும். 'ம்' சொல்பவன் பொய் சொல்கிறான் என்றுகூடச் சொல்லமுடியாது. "இந்த வாரம் எந்த வாத்தியார் என்ன நடத்தினார், எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேட்டுப்பாருங்கள். வகுப்புக்குப் போகாதவனால் அதற்குப் பதில் சொல்லமுடியாது. போகிறவனோ அம்மா தன்னிடம் பாடம் கேட்கிறாளே என்று பத்து நிமிடம் அதிகம் பேசுவான்.

கல்லூரி கட்டாயம் வீட்டுக்குச் சொல்லவேண்டிய சில உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை மருத்துவமனையில் இருந்தாலோ விடுதிக்குப் பல நாள் வராமல் போனாலோ தனியுரிமை பேசிக்கொண்டு உட்காரக்கூடாது. அதற்கு அவசரத் தொடர்பு எண் என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கும். அங்கே எழுதியிருப்பது உங்கள் இப்போதைய எண்தானா என்று பாருங்கள். விடுதிக் காப்பாளர் எண், அறைத்தோழியின் பெயர், இரண்டும் உங்களிடம் இருக்கட்டும். விவரத்தைப் பெற்றோருக்குச் சொல்லலாம் என்று மாணவரே எழுதிக்கொடுக்கும் வழியும் உண்டு. மகளிடம் கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

அதோடு கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். பெற்றோர் விளக்கக் கூட்டத்தை வேலைநாள் காலையில் ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறைபட்டுக்கொள்ளாதீர்கள். லாரி ஓட்டுகிறவர் எப்படி வருவார்?

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். நம் ஊரில் 1919இல் பிறந்த ஒரு பையன் படிப்புக்காகக் கடல் தாண்டிச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். கடிதமே கப்பலில் வந்த காலம். அவர்தான் பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்க வைத்தவர். சபாவின் தலைநகரான கோத்தா கினபாலு கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். அண்ணன் செய்ததற்குத் தங்கையின் இடத்தைப் பறிப்பது அவளைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு. அந்தக் கட்டண பாக்கிக் கடிதத்தை உங்களுக்குப் படித்துச் சொன்னதே அவள்தானே!

மகனிடம் இன்னும் பேசவில்லை என்று தோன்றுகிறது, கடிதத்தில் அது இல்லை. "ஏன்" என்று தொடங்காதீர்கள். "எந்த வாரம் போவதை நிறுத்தினாய், அந்த வாரம் என்ன நடந்தது" என்று கேளுங்கள். எனக்கென்னவோ, பதில் சோம்பேறித்தனமாக இருக்காது என்று தோன்றுகிறது. சம்பாதிக்கப் போன பையன் அவன். உங்கள் சங்கிலி அவன் மனத்தில் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவனே கல்லூரிக்கு நேரில் போய், படிப்பை ஒத்திவைப்பதா விலகுவதா என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். சும்மா காணாமல்போனால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். தேறிய பாடங்களின் கிரெடிட்டை வேறு கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்பதையும் கேட்டு வரட்டும். பி.டி.பி.டி.என். கடனை, பட்டயம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவன்தான் திருப்பிக் கட்டவேண்டும். அதை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள்.

மகளின் விமான டிக்கெட்டை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பெட்டியில் ஊறுகாய் வைப்பதாக இருந்தால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். 1979இல் என் பெட்டிக்குள் ஒன்று உடைந்தது. எலுமிச்சை ஊறுகாய் மணக்கும் பள்ளிச் சான்றிதழைத்தான் பதிவு மேசையில் நீட்டினேன்.

அன்புடன்.