பாட்டிலில் அடைத்த அன்று சுத்தமாக இருந்த லாகர் பீரில் (குளிரில் நொதிக்கவிடும் பீர்) மூன்று வாரம் கழித்து வெண்ணெய் வாசம் வருவது ஏன்?

நீங்கள் சொன்னது: டொராண்டோ குழாய்த் தண்ணீர், 20 லிட்டர் பில்ஸ்னர் (வெளிர்நிற லாகர் வகை), டபிள்யூ-34/70 என்ற லாகர் உலர் ஈஸ்ட் ஒரே ஒரு பாக்கெட், 12 டிகிரியில் 10 நாள், பிறகு நேரே பாட்டில். வெண்ணெயோடு லேசான டெட்டால் வாடையும். இரண்டும் வெவ்வேறு கோளாறு.

வெண்ணெய் வாசம் டைஅசிட்டைல். ஈஸ்ட் அதை நேரடியாக உண்டாக்குவதில்லை. வேலின் என்ற அமினோ அமிலத்தை ஈஸ்ட் தயாரிக்கும்போது ஆல்ஃபா-அசிட்டோலாக்டேட் வெளியே கசியும். அதற்கு மணம் கிடையாது. அது பீருக்குள் தானாக டைஅசிட்டைலாக மாறும், ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சி மணமற்றதாக்கும். குளிரில் இந்த மாற்றம் ஆமை வேகம். அதனால்தான் அடைத்த அன்று மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. அடைக்கும்போது புகுந்த ஆக்சிஜனும் அறைச் சூடும் மிச்சத்தை மாற்றிவிட்டன. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே லாகரில் பலருக்குத் தெரிந்துவிடும். செக் பில்ஸ்னரில் கொஞ்சம் வெண்ணெய் இருக்கலாமே என்பது சரிதான், ஆனால் அது திட்டமிட்டு வந்ததாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை 11.5 கிராம் பாக்கெட் இரண்டு போடுங்கள். அடர்த்தி 1.048-இல் தொடங்கிய வோர்ட் (மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாறு) 1.016 அளவுக்கு இறங்கியதும், ஈஸ்ட் அடங்குவதற்குள், 17-18 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள். அப்போதும் நாள்காட்டியை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் மணமற்ற மூலப்பொருள் இன்னும் பாக்கி, காத்திருங்கள். இரண்டிலும் வந்தால் ஈஸ்டின் வேலை முடியவில்லை. இரண்டும் சுத்தமானால்தான் குளிரூட்டல்.

இப்போதுள்ள பாட்டில்களை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சர்க்கரை போட்டு அடைத்திருந்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். 20 டிகிரியில் இன்னும் இரண்டு வாரம் வைத்தால் ஓரளவு குறையலாம். திறந்து ஊற்றும்போது புளிப்பும் நூல்போல இழுப்பும் இருந்தால் அது பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாத் தொற்று. கொட்டிவிட்டு, ரப்பர் குழாய்களையும் தூக்கிப் போடுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

டெட்டால் வாடைக்குக் காரணம் தண்ணீர். தண்ணீரிலுள்ள குளோரின் வகைகள் பீரின் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும்; டெட்டாலில் இருப்பதும் ஒரு குளோரோஃபீனால்தான், உங்கள் மூக்கு சரியாகவே பிடித்திருக்கிறது. டொராண்டோ நகராட்சி கிருமி நீக்கத்துக்குக் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறது. குளோரின் மாதிரி ஒரு இரவு திறந்து வைத்தால் அது போகாது. 25 லிட்டருக்குக் கேம்ப்டன் மாத்திரையில் (குளோரமைனை முறிக்கும் சல்ஃபைட் மாத்திரை) மூன்றில் ஒரு பங்கைப் பொடித்துக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டால் போதும். மால்ட்டை ஊறவைக்கும் நீர், அலசும் நீர் இரண்டுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். பாத்திரங்களை ப்ளீச்சில் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.