கம்பெனி பெட்டி இருக்கட்டும், வைஃபை உங்களுடையதாக இருக்கலாம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். தாங்கள் தரும் ரவுட்டரைத்தான் வைக்க வேண்டும் என்கிறது கம்பெனி. அது வாசல் பக்கத்து இரும்புப் பெட்டிக்குள் இருப்பதால் படுக்கையறைக்கு சிக்னலே வருவதில்லை. என்னிடம் நல்ல ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் போட முடியாதா?

பதில்: போடலாம், கம்பெனி பெட்டியைக் கழற்றாமல். அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி. ஒரே இழைதான் ஸ்ப்ளிட்டரில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு ஓஎன்டியும் தன் முறை வரும்போதுதான் அனுப்ப வேண்டும்; ஒன்று தப்பினால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் நெட் போய்விடும். ஆகவே சீரியல் எண் பதிந்த கருவியைத்தான் ஏற்பார்கள். இந்தப் பிடிவாதம் நியாயமே. (ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் சொந்தக் கருவி வைக்கும் உரிமையே உண்டு, இங்கே கேட்டு வாங்க வேண்டியதுதான்.) மற்றது வைஃபை, ஐபி பங்கீடு (வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுப்பது). அதற்கு அவர்கள் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை.

உங்களுக்கு ஆக்சஸ் பாயின்ட் முறையே போதும்: உங்கள் ரவுட்டர் வைஃபையை மட்டும் தரும், ஐபி பங்கீட்டைக் கம்பெனி பெட்டியே பார்த்துக்கொள்ளும். ரவுட்டரை முதலில் லேப்டாப்பில் தனியாக இணைத்து அந்த மோடுக்கு மாற்றுங்கள். பழைய மாடலில் அது இல்லையென்றால் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (ஐபி எண்ணைத் தானாகப் பங்கிடும் வசதி) அணைத்து, கம்பெனி பெட்டியிலிருந்து வரும் கேபிளை நெட் வருவதற்கான வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். கம்பெனி பெட்டி 192.168.1.1 என்றால் இந்தக் கணக்கு. அதன் டிஹெச்சிபி வரம்பு 192.168.1.10-லிருந்து தொடங்கட்டும், இல்லாவிட்டால் அதே எண் வேறொரு போனுக்குப் போய் மோதும். பிறகு பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இதைச் செய்யாமல் வான் போர்ட்டில் செருகினாலும் நெட் வரும். ஆனால் இரட்டை நேட் ஆகி, அதாவது இரண்டு பெட்டியும் தனித்தனியாக ஐபி பங்கிட்டு இரண்டு நெட்வொர்க் ஆகி, ஒரு வைஃபையில் இருக்கும் பிரிண்டர் மற்றதில் தெரியாது.

சுவருக்குள் பில்டர் போட்ட கேபிளில் வேகம் 95 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? முனையைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

கம்பெனி பெட்டி ஒளியை மாற்றுவதோடு நிற்க, மற்றதெல்லாம் உங்கள் ரவுட்டரே செய்வது பிரிட்ஜ் மோட். அதைக் கேட்டால் உங்கள் ரவுட்டர் கம்பெனியில் லாகின் செய்யத் தேவையான பிபிபிஓஇ பெயர், பாஸ்வேர்ட், இணைப்பை அடையாளம் காட்டும் விலான் எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். லேண்ட்லைன் வேலை செய்யுமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்கத்தான் பிரிட்ஜ் என்றால், வான் ஐபி (கம்பெனி உங்கள் இணைப்புக்குத் தரும் எண்) 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் வெளி ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன; பிரிட்ஜ் உதவாது, ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும்.

இழை செருகியிருக்கும் பச்சைக் கனெக்டரை மட்டும் பிடுங்காதீர்கள், ரீசெட் துளையில் ஊசி விடாதீர்கள். கரண்ட் போனால் இரண்டு கருவிக்கும் மின்சாரம் வேண்டும்: 12 வோல்ட்டில் ஒன்று 1 ஆம்பியர், இன்னொன்று 1.5 என்றால், மினி யுபிஎஸ் 2.5 ஆம்பியர் தாங்க வேண்டும்.