மாடியில் மீனும் கீரையும்: மூன்றாவது வாரத்தில் மீன் செத்தது ஏன்?

கேள்வி: கோவையில் மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டியில் 100 ஜிலேபி மீன் குஞ்சுகள் விட்டேன். அந்தத் தண்ணீர் சுற்றிவர தலா ஒரு சதுர மீட்டரில் இரண்டு ஜல்லிப் பாத்திகள், அவற்றில் பாலக், புதினா, தக்காளி. போர் தண்ணீர், பிஎச் (அமில-கார அளவு) 8-க்கு மேல். வாடை வந்ததால் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டேன். மூன்றாவது வாரம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, 40 செத்துவிட்டன. ஏர் பம்ப் ஓடுகிறது, தண்ணீரும் தெளிவு. கீரைக் கொழுந்து வேறு மஞ்சளாகிறது. என்ன தப்பு?

பதில்: தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள், மீனைக் கொல்லும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து ஒரு மீன் செத்தால் உடனே செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட்தான். அது ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது, காற்று எவ்வளவு ஊதினாலும் மீனுக்கு மூச்சு முட்டும். ஜிலேபி மோசமான தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கிற மீன், அதுவே சாகிறதென்றால் அளவு ரொம்ப ஏறியிருக்கிறது.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், செடி பெரும்பாலும் எடுப்பது அந்த நைட்ரேட்டைத்தான். இரண்டாவது கூட்டம் மெதுவாகப் பெருகும், முழுதாக நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். இடையில், பெரும்பாலும் உங்களுக்கு நடந்த அதே மூன்றாவது வாரத்தில்தான் நைட்ரைட் உச்சிக்குப் போகும். நீங்களோ முதல் நாளே 100 மீனை விட்டு, பாதி வழியில் பாக்டீரியா ஒட்டியிருந்த ஜல்லியையும் கழுவிவிட்டீர்கள்!

இப்போதைக்கு மூன்று நாள் தீவனத்தை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஆனால் போர் தண்ணீரால் அல்ல. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவின் நச்சு ஏறக்குறைய பத்து மடங்காகும். மழைநீரோ, சிறுவாணித் தண்ணீரோ கிடைத்தால் நல்லது, குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் காற்று ஊதிவிட்டு ஊற்றுங்கள். அரைக் கிலோ கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் செவுள் வழியாக ஏறுவது குறையும். ஒரு தடவை போதும், உப்பு சேர்ந்தால் செடி கெடும். ஜல்லியை இனிக் கழுவவே கூடாது.

அப்புறம் அந்த ஜல்லி என்ன கல்? ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது, பிஎச் ஒருநாளும் இறங்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். கருங்கல் நுரைக்காது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை, அதற்கும் இந்த பிஎச்தான் காரணம். அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டால் துருவாகப் படியும். இரும்பைக் கரைந்தபடியே வைத்திருக்கும் ஈடிடிஏ சேர்த்து விற்கும் இரும்பும் இந்தக் காரத்தில் நிற்காது. பிஎச் 7.5-க்குக் கீழே வந்த பிறகு, அதே வகையில் இன்னும் உறுதியான டிடிபிஏ இரும்பு கொடுங்கள்.

அடுத்த முறை மீனை வைத்துச் சோதிக்காதீர்கள். மீன் விடாமல் தண்ணீர் மட்டும் நிரப்பிய தொட்டியில் அம்மோனியாவுக்காக 4, 5 கிராம் யூரியா கரைத்து, யாராவது ஓடுகிற மீன் தொட்டி வைத்திருந்தால் அவர்கள் வடிகட்டியிலிருந்து பாக்டீரியா ஒட்டிய ஒரு கை ஜல்லி கேட்டு வாங்கிப் பாத்தியில் போட்டுவிட்டு, அக்வேரியம் கடையில் கிடைக்கும் சோதனைக் கிட்டை வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். அதற்கு முன் மீன் வேண்டாம்.

எண்ணிக்கையைத் தீவனத்தை வைத்துத்தான் போட வேண்டும். கீரைப் பாத்தி சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனத்தின் கழிவைத் தாங்கும், உங்கள் இரண்டு பாத்திக்கு அதிகபட்சம் 100 கிராம் தீவனம். 100 கிராம் எடை வந்த மீன் நாளைக்கு ஏறக்குறைய 2 கிராம் தின்னும், அதனால் 50-க்கு மேல் இதில் தாங்காது. எனவே மிச்சமிருக்கும் 60-ஐயே வளர வளரக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது மூன்றாவது பாத்தி கட்டுங்கள். கட்டுவதானால் தூணுக்கும் உத்திரத்துக்கும் மேலே வையுங்கள், நிறைந்த தொட்டி மட்டுமே ஒரு டன்.