குரூப்பில் சேர்த்த பிறகும் கோப்பைத் திருத்த முடியவில்லை, 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிடலாமா?

கேள்வி இதுதான்: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு கோவில் அலுவலகம், ஒரே உபுண்டு கணினி. தைப்பூசக் காவடி அறிவிப்புகளை மூன்று பேர் அவரவர் கணக்கிலிருந்து திருத்துகிறார்கள். மூவரும் 'காவடி' குரூப்பில் இருக்கிறார்கள். நேற்றுச் சேர்த்தவருக்கு மட்டும் 'பெர்மிசியோன் நோன் அக்கோர்தே' (பிரெஞ்சில் 'அனுமதி இல்லை') என்றே வருகிறது.

777 வேண்டாம். கோப்பை அழிக்கும் உரிமை அதை வைத்திருக்கும் டைரக்டரியின் எழுத்து அனுமதியைப் பொறுத்தது. டைரக்டரிக்கு 777 கொடுத்தால், கணினியில் கணக்குள்ள யாரும் அறிவிப்புகளை அழித்துவிடலாம்.

அனுமதிகள் சரியாகவே இருக்கக்கூடும். பழையது அவருடைய செஷன், அதாவது லாகின் முதல் லாக்அவுட் வரை ஓடுவது. யார் எந்தக் குரூப்பில் என்று எழுதியிருக்கும் /இடிசி/குரூப் (/etc/group) கோப்பைப் பார்த்து குரூப் பட்டியல் தயாராவது லாகின் நேரத்தில். அங்கிருந்து கிளம்பும் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் நிரல்), எடிட்டர் எல்லாம் அந்தப் பட்டியலையே சுமக்கும். கோப்பைத் திறக்கும்போது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பார்ப்பது ப்ராசஸ் (ஓடும் நிரல்) சுமக்கும் பட்டியலைத்தான். /இடிசி/குரூப் பக்கம் அது திரும்புவதே இல்லை.

அவருடைய டெர்மினலில் வெறும் 'ஐடி' (id) என்று அடியுங்கள். பிறகு 'ஐடி'யோடு அவர் பயனர்பெயரையும் சேர்த்து அடியுங்கள். முதலில் வருவது அந்த ஷெல் சுமப்பது, அடுத்தது கோப்பில் எழுதியிருப்பது. இரண்டாவதில் மட்டும் 'காவடி' தெரிந்தால் சிக்கல் இதுதான்.

டெர்மினலை மூடித் திறந்தால் போதாது, புது ஜன்னலும் பழைய டெஸ்க்டாப் செஷனின் பிள்ளைதான். முழுதாக லாக்அவுட் ஆகி மறுபடி நுழைய வேண்டும். பின்னணியில் டிமக்ஸ் (லாக்அவுட் ஆனாலும் ஷெல்களை உயிரோடு வைக்கும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் திறக்கும் ஷெல்லுக்கும் பழைய பட்டியல்தான். அப்போது 'லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூஸர்' (loginctl terminate-user) கட்டளை அவருடைய எல்லா செஷன்களையும் முடித்துவிடும். திறந்திருப்பதை முதலில் சேமிக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 'நியூஜிஆர்பி (newgrp) காவடி' போதும், ஆனால் அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும்.

குரூப்பில் சேர்க்க 'யூஸர்மாட்' (usermod) பயன்படுத்தினால் பெரிய ஜி-யுடன் சிறிய ஏ-யும் கட்டாயம். ஏ விட்டுப்போனால் மற்றத் துணைக் குரூப்களிலிருந்து அவர் நீங்கிவிடுவார், நிர்வாகி உரிமை தரும் சூடோ உட்பட. நிர்வாகி தன் கணக்குக்கே இப்படிச் செய்துகொண்டால் அடுத்த லாகினில்தான் தெரியவரும்.

இதற்குப் பிறகும் மறுத்தால் 'நேம்ஐ' (namei) கட்டளையை சிறிய எல்-லோடு, கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியும் வரிசையாக வரும். ஏதாவது ஒன்றில் அவருக்கு எக்ஸ் (உள்ளே நுழையும் அனுமதி) இல்லையென்றால் உள்ளே இருப்பதற்கு 666 கொடுத்தும் பயனில்லை. இன்னொன்று: உரிமையாளர், குரூப், மற்றவர் என்ற வரிசையில் முதலில் பொருந்துவதோடு கெர்னல் நின்றுவிடும். உரிமையாளருக்கு எழுத்து இல்லாமல் குரூப்புக்கு இருந்தால், உரிமையாளர் அந்தக் குரூப்பிலேயே இருந்தாலும் எழுத முடியாது.

நாளைக்கு ஒருவர் புதுக் கோப்பு உருவாக்கினால் அது அவருடைய சொந்தக் குரூப்பில் போய் உட்காரும். டைரக்டரியின் குரூப்பை 'காவடி' ஆக்கி 2775 கொடுங்கள். முன்னாலிருக்கும் 2 புதுக் கோப்புகளுக்கு டைரக்டரியின் குரூப்பையே கொடுக்கும். மூவரின் யூமாஸ்க்கும் (புதுக் கோப்பிலிருந்து எந்த அனுமதிகளை நீக்குவது என்ற அமைப்பு) 002 ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் கோப்பு 664 ஆக, குரூப்பும் எழுதும்படி பிறக்கும்; 022 என்றால் 644, மற்ற இருவரும் படிக்கத்தான் முடியும். ஏற்கெனவே உள்ள துணை டைரக்டரிகளுக்கு இந்த 2 தானாக இறங்காது, தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது நகர்த்தும் கட்டளையான 'எம்வி'யில் (mv). வீட்டு டைரக்டரியில் எழுதிய அறிவிப்பை அதே டிஸ்க் பகுதிக்குள் நகர்த்தினால் பழைய குரூப்போடுதான் வந்து சேரும். நகலெடுக்கும் 'சிபி' (cp) போட்டால் புதுக் கோப்பு பிறப்பதால் 'காவடி' ஒட்டிக்கொள்ளும். நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் பின்னாலேயே அந்தக் கோப்புக்குக் குரூப்பை மாற்றும் ஒரு 'சிஎச்ஜிஆர்பி (chgrp) காவடி' போட்டுவிடுங்கள்.