பழைய ரிக்கன்பேக்கரின் ஒயரிங்கை மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1974இல் செய்யப்பட்ட ரிக்கன்பேக்கர் 4001 பேஸ் கிட்டார் இருக்கிறது. பிரிட்ஜ் (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகத்தை, மட்டும் வைத்து வாசித்தால் ஓசை மெலிந்து, கனமே இல்லாமல் ஒலிக்கிறது. உள்ளே உள்ள கன்ட்ரோல்கள் (வால்யூம், டோன் குமிழ்களின் உட்பாகங்கள்), கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்), ஒயர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். தாங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் பழுதாக இருக்காது. அந்தக் காலத்து 4001இல், பிரிட்ஜ் பிக்கப்பின் சிக்னல் செல்லும் பாதையில் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே தொடராக இணைத்திருந்தார்கள். தொடராக நிற்கும் சிறிய கெப்பாசிட்டர் உயர் ஒலிகளை விட்டுவிட்டுத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும். தடித்த ‘ஈ’ (E) தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால், முதலில் அடிபடுவது அதுவே.

கிட்டாரைத் திறக்காமலே இதைச் சோதிக்கலாம். ஸ்டீரியோ துளையில் அல்லாமல் சாதாரணத் துளையில் கேபிளைச் செருகி, சுவிட்சைப் பிரிட்ஜ் பிக்கப்புக்குத் தள்ளி, வால்யூமை முழுமையாக வைத்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரால் ஓம் அளந்து பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால், முந்தைய உரிமையாளர் யாரோ அந்தக் கெப்பாசிட்டரை ஏற்கெனவே நீக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம்; அப்போது ஓசை மெலிவதற்குப் பிக்கப்பின் உயரம் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். முள் அசையாமலோ மிக அதிகமாகவோ காட்டினால் கெப்பாசிட்டர் இருக்கிறது. எதையும் மாற்றாத பழைய கிட்டார் என்று சொல்லி விற்கப்படுவதை வாங்கும்போதும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

கெப்பாசிட்டர் இருப்பது உறுதியானால், பிக்கார்டை (கன்ட்ரோல்கள் பொருத்தப்பட்ட முன்பக்கத் தகட்டை) கழற்றித் திருப்புங்கள். உள்ளே 0.047 என்ற டோன் கெப்பாசிட்டர்களும் இருக்கும்; தேவையானது ஒரு சுழியம் கூடுதலாக உள்ள 0.0047 மட்டுமே, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் இரு கால்களையும் முதலைக் கிளிப் உள்ள சிறிய ஒயரால் இணைத்தால் சிக்னல் அதைச் சுற்றிக்கொண்டு போகும். இப்படியே ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப் தடிமனாகவும் உரக்கவும் ஒலிக்கும். ஆனால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது, ஒன்று கனத்தையும் மற்றொன்று கூர்மையையும் தந்த அந்தத் தனிச் சேர்க்கை குறையக்கூடும். எனக்கு அந்தச் சேர்க்கைதான் 4001இன் உயிர் என்று தோன்றுகிறது. ரிக்கன்பேக்கர் நிறுவனமே 4001க்குப் பின் வந்த 4003 மாடலின் பிந்தைய கிட்டார்களில், டோன் குமிழை இழுத்தோ அழுத்தியோ பழைய ஓசைக்கும் புதிய ஓசைக்கும் மாறிக்கொள்ளும் வசதியை வைத்திருக்கிறது.

கேட்ட பிறகும் மாற்றம் வேண்டுமென்றால், அந்தச் சிறு ஒயரைக் கெப்பாசிட்டரின் கால்களிலேயே சால்டர் செய்யச் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கச்) சொல்லுங்கள். கன்ட்ரோல்களில் உள்ள பழைய சால்டரைத் தொட வேண்டாம். பழைய கிட்டார் வாங்குபவர்கள் பிக்கார்டைத் திருப்பி முதலில் பார்ப்பது அந்தப் பழைய, மங்கிய சால்டர் புள்ளிகளைத்தான். புதிதாக உருக்கிய இடம் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். கன்ட்ரோலின் முதுகில் உள்ள எண்ணும் அப்படியே சான்றாகும்: 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத் தயாரிப்பு, அடுத்து வரும் 7412 என்பது 1974ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். தங்களிடம் சொல்லப்பட்டதுபோல் அனைத்தையும் கழற்றினால் இந்தச் சான்று முழுவதும் போய்விடும், விலையும் இறங்கும்.

கன்ட்ரோல் ஒன்று உண்மையிலேயே கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். வேலைக்கு முன் உட்புறத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.